எட்டு வார ஆய்வாளர்கள்: வெளிநாட்டு மாணவரின் தோட்டப் பயணத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?

ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம் சா ஆ. வெளிநாட்டு மாணவர் ஒருவர் வந்து கதவைத் தட்டுவது இத்தகைய ஊர்களில் பெரிய அதிசயமல்ல. மொழிபெயர்க்க உள்ளூர்ப் பெண் ஒருவர் கூட வருவார். மாணவர் இரத்த அழுத்தம் பார்ப்பார், இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று கேட்பார், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். எட்டு வாரம் கழித்து ஆளைக் காணோம்.

இவர் யார், அரசாங்க ஆளா, மருந்து கம்பெனியா, தொண்டு நிறுவனமா என்பது வழக்கமான கேள்வி. 2025-இல் அமெரிக்கா வெளிநாட்டுச் சுகாதார நிதியை வெட்டிய பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: அங்கேதான் பணம் நின்றுபோயிற்றே, இவர்கள் மட்டும் எப்படி வருகிறார்கள்?

இரண்டுக்கும் விடை, பயண மானியம் என்ற ஒரு சிறிய பணத்தின் விதிகளில் இருக்கிறது.

முதலில் மூன்று வகைப் பணம்

வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாப் பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் எழுகின்றன.

1. உபகாரச் சம்பளம்: மாணவர் படிப்பதற்கான பணம். கல்விக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் இதில் அடங்கும்.

2. ஆய்வு மானியம்: பேராசிரியருக்கோ நிறுவனத்துக்கோ பல ஆண்டுகளுக்குத் தரப்படும் பெரிய தொகை. ஊழியர் சம்பளம், கருவிகள், ஆய்வுக்கூடச் செலவு எல்லாம் இதிலிருந்து போகும்.

3. பயண மானியம்: ஒரு மாணவர் ஓரிடத்துக்குப் போய், சில வாரம் தங்கித் திரும்புவதற்கான சிறு தொகை. டிக்கெட், தங்குமிடம், காப்புறுதி, தடுப்பூசி, உள்ளூர்ப் போக்குவரத்து. அநேகமாக அவ்வளவுதான்.

வாசலில் நிற்கும் முதுநிலை மாணவர் பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சேர்ந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்தவரிடம் பணம் புரளும் என்று நினைப்பது இயல்பு. அவர் பையில் புரள்வது ரசீதுகள்தான்.

தருகிறவர்கள் பலர். பல பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களுக்குத் தாமே தருகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் டவுன்ஸ் பயண உதவித்தொகை இவ்வகையில் பழமையான ஒன்று. அதைப் பெறும் மாணவருக்குப் போகிற நாட்டிலும் ஒரு வழிகாட்டி இருந்தாக வேண்டும். கற்றோர் சங்கங்களும் தருகின்றன. அமெரிக்க வெப்பமண்டல மருத்துவச் சங்கம், கீன் என்ற மருத்துவரின் பெயரால் மருத்துவ மாணவர்களை வெப்பமண்டல நாடுகளுக்கு அனுப்புகிறது. அரசு வழியில் 1946-இல் பிறந்த ஃபுல்பிரைட் திட்டமும், அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் கீழ் 1968-இல் அமைந்த ஃபோகார்ட்டி மையமும் இருக்கின்றன. ஃபுல்பிரைட் மலேசியாவுக்குப் புதிதல்ல. அதை இங்கே நடத்தும் மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் 1963-இலேயே அமைந்துவிட்டது.

4,000 டாலர் எங்கே போகிறது?

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மானியம் 4,000 டாலர், தங்குவது எட்டு வாரம், சந்திக்க வேண்டியவர்கள் 40 பேர். விமான டிக்கெட்டுக்கு 1,600. காப்புறுதி, தடுப்பூசிக்கு 300. அறை வாடகை 900. காரும் பெட்ரோலும் 600. பஸ் போகாத இடங்களில்தான் தோட்டங்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பேட்டிக்கு 10 டாலர் வீதம் 400. பேட்டி தந்தவருக்கு ஒரு மைலோ பொட்டலம், கொஞ்சம் சவர்க்காரம் என்று தலைக்கு 5 டாலர் வீதம் 200. கணக்கு முடிந்தது.

இந்தக் கணக்கில் பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க மாணவரின் உழைப்புக்கு ஊதியம் இல்லை. உள்ளூர் வழிகாட்டிக்கும் இல்லை. மொழிபெயர்த்த பெண்ணின் 400 டாலர்கூட உறுதியில்லை. சில மானியங்கள் பயணிப்பவரின் செலவை மட்டுமே ஏற்கும், பிறருக்குக் கூலி கொடுக்க அனுமதிக்காது. அப்போது மாணவர் தன் சாப்பாட்டுக் காசிலிருந்து கொடுக்கிறார், அல்லது கொடுக்காமல் போகிறார்.

ரசீது இன்னொரு தொல்லை. பல மானியங்களில் முதலில் மாணவரே செலவழிக்க வேண்டும். திரும்பிப் போய் ரசீதுகளைக் காட்டினால் பணம் வரும். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டவர் ரசீதுக்கு எங்கே போவார்? எட்டு வாரச் செலவை முன்பணமாகப் போடுவதற்கும் கையில் காசு வேண்டும். எனவே உலக ஏழைகளின் நோயை ஆராய வருகிறவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் வியப்பதற்கில்லை.

அமெரிக்கக் கூட்டரசுப் பணமாக இருந்தால் இதற்கு மேலும் ஒரு கட்டு உண்டு. சில விதிவிலக்குகள் நீங்கலாக, அமெரிக்க விமான நிறுவனத்தின் டிக்கெட்டில்தான் பறக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். மலிவான டிக்கெட் வேறிடத்தில் கிடைத்தாலும் பயனில்லை. வறுமையை ஆராயக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி சொந்த நாட்டு விமான நிறுவனத்துக்கே திரும்பிப் போகிறது.

விதிகள் ஆய்வை வளைக்கும் விதம்

தோட்டத்து மக்களுக்கு விசித்திரமாகத் தோன்றும் பல செயல்கள் அந்த மாணவரின் குணத்தால் வருபவை அல்ல, மானியத்தின் விதிகளால் வருபவை.

1. வருவது ஏன் ஜூன் முதல் ஆகஸ்டு வரை? வட நாடுகளில் அது கோடை விடுமுறை. நம் பக்கத்திலோ அது டுரியான் காலம். செம்பனையில் குலைகள் கூடத் தொடங்கும் காலமும் அதுவே. இதன் விளைவை ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் தெரியும். விடியுமுன் பெரட்டு (ஆள்கணக்கு) எடுத்துத் தோட்டக் காட்டுக்குள் போனவர் பிற்பகலில்தான் திரும்புவார். மாணவர் வருவது காலை பத்து மணிக்கு. அப்போது வீட்டில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற தாத்தா, முழங்கால் வலியுள்ள பாட்டி, கைக்குழந்தைக்காரி. நாற்பது பேட்டிகளும் இப்படியே நிரம்பினால் "தோட்டத்து மக்களில் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தம்" என்று அறிக்கை சொல்லும். அது தோட்டத்தின் கணக்கே அல்ல, காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர்களின் கணக்கு. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வரும் ஆய்வாளரின் எண்களை நான் கூடுதலாக நம்புவேன்.

2. எல்லாரும் ஏன் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்? எட்டு வாரத்தில் புதுக் கேள்வித்தாளை உருவாக்கிச் சோதிக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் போன்ற ஆயத்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் கேள்விகள், பிறகு உயரம், எடை, இரத்த அழுத்தம், கடைசியாக இரத்தம் என்று அது மூன்று படியாகப் போகும். எந்த நாட்டு எண்ணோடும் ஒப்பிடலாம் என்பது அதன் பலம். செம்பனைக்கு மருந்தடிக்கும் பெண்ணிடம் அவர் சுமக்கும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், நாளைக்கு எத்தனை முறை பழம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது அதன் பலவீனம். தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியில்தான் மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அதைச் சுமந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

3. அன்பளிப்பு ஏன் இவ்வளவு சிறியது? கஞ்சத்தனமல்ல. பெரிய தொகை கொடுத்தால் அதற்காகவே ஒருவர் விருப்பமில்லாமல் சம்மதித்துவிடக்கூடும் என்று, ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அந்தக் கூலியை ஈடுகட்டுவது தூண்டுதலாகாது. இந்த வேறுபாட்டை எல்லாக் குழுக்களும் கவனிப்பதில்லை.

4. முடிவு ஏன் நமக்கு வந்து சேருவதில்லை? பயணம் முடிந்ததும் மாணவர் மானியம் தந்தவருக்கு ஓர் அறிக்கை கொடுத்தால் கணக்கு மூடப்படும். ஆய்வேடு முடிய மேலும் ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். முடிவை ஊரில் வந்து சொல்ல இரண்டாவது டிக்கெட் வேண்டும், அதற்கு மானியம் இல்லை.

வாசல் வரை வர எத்தனை அனுமதி?

மலேசியாவில் வெளிநாட்டவர் ஆய்வு செய்வதற்குத் தெளிவான படிகள் இருக்கின்றன. தொண்ணூறு நாள் சுற்றுப்பயண அனுமதியில் வந்து தோட்டத்தில் தரவு சேகரிப்பது அவற்றில் ஒன்றல்ல.

1. மாணவரின் சொந்தப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்.

2. உள்ளூர்க் கூட்டாளி. மலேசியக் கல்வியாளரோ நிறுவனமோ பொறுப்பேற்க வேண்டும்.

3. கூட்டரசு அரசாங்கத்தின் ஆய்வு அனுமதி. பிரதமர் துறையின் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு இதை நெடுங்காலம் கவனித்து வந்தது. இப்போது பொருளாதார அமைச்சு.

4. தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு. அரசு கிளினிக்கையோ மருத்துவமனையையோ அங்குள்ள நோயாளிகளையோ தொடுவதானால் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை.

5. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி, ஏனென்றால் அது தனியார் நிலம். பெக்கோக் பக்கம் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களுக்குப் போவதானால் ஒராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் அனுமதி தனி.

இவை முடிய மாதக்கணக்காகும். மானியம் கிடைத்ததும் கோடை தொடங்கிவிடுகிறது, கோடை போனால் மானியமும் போகிறது. குறுக்குவழி தேடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது.

ஐந்தாவது படியில் ஒரு நுட்பம் உண்டு. நிர்வாகி அனுமதி தந்துவிட்டார் என்பதால் தொழிலாளி சம்மதித்ததாக ஆகாது. கிராணியோ (எழுத்தர்) மண்டோரோ (மேற்பார்வையாளர்) ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து "கேட்பதற்குப் பதில் சொல்" என்றால், ஒப்புதல் படிவத்தில் விழும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? தோட்டங்களில் இன்று பெரும்பகுதி வேலையாட்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள். வேலை அனுமதி முதலாளி கையில் இருக்கும்போது மறுப்பது இன்னும் கடினம்.

நூறாண்டுக்கு முன் வந்தவர்கள்

வெளிநாட்டுப் பணத்தில் தோட்டத்துக்கு ஆய்வாளர் வருவது நம் பாட்டன் காலத்துக் கதை. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். பிறகு தோட்டங்களுக்குள் போனார். 1915-இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயாவுக்கு வந்து, கூலிகளின் குடலில் இருந்த கொக்கிப்புழுவை ஆராய்ந்தது.

இவை இரண்டையும்விட அரிசிக் கதை முக்கியமானது. மலாயாவில் அன்று பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. சீனத் தொழிலாளர்கள் விழுந்தார்கள், தமிழர்கள் அநேகமாகத் தப்பினார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து 1907-இல் ஒரு நூலில் எழுதினார்: சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி, தமிழர் உண்டது புழுங்கல். பி1 உயிர்ச்சத்துக் குறைவால்தான் பெரிபெரி வருகிறது, நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. அதே 1907-இல் மருத்துவ ஆய்வாளர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபு மாவட்டத்தில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளை அரிசி உண்ட அணியில் பெரிபெரி வந்தது. புழுங்கலுக்கு மாற்றியதும் நின்றது.

கண்டுபிடிப்பு உண்மையானது, உயிர்களைக் காத்தது. ஆனால் இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அந்தச் சோதனையை அனுமதிக்காது. நோய் வருகிறதா என்று பார்க்க மனிதனுக்குச் சோறு போடுவதை உலகம் எளிதில் கைவிடவில்லை. 1964-இல் உருவாகி, கடைசியாக 2024-இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் போன்ற விதிகள் வர வேண்டியிருந்தது. மாணவர் நீட்டும் அந்தச் சலிப்பூட்டும் ஒப்புதல் படிவம் இந்த வழியாக வந்ததுதான்.

எதிர்த் திசைப் பயணமும் நடந்திருக்கிறது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், பன்றிப் பண்ணைகளில் பரவிய மர்மக் காய்ச்சலின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே அடையாளம் காணப்பட்டதுதான் நிப்பா வைரஸ். 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற நோயின் முடிச்சு, ஒரு விமான டிக்கெட்டால் அவிழத் தொடங்கியது.

2025-க்குப் பிறகு என்ன மாறியது?

2025 மே மாதம் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம், தன்னிடம் மானியம் பெறும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அதிலிருந்து பங்கு பிரித்துக் கொடுக்கும் பழைய முறையை நிறுத்துவதாகவும் புதிய முறை கொண்டுவருவதாகவும் அறிவித்தது. அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் அதே ஆண்டு ஜூலையில் வெளிநாட்டு உதவிப் பணியை நிறுத்தியது.

மேலே சொன்ன மூன்று வகைப் பணம் இங்கே நினைவில் இருக்க வேண்டும். அடி விழுந்தது பெரிய ஆய்வு மானியத்தின் மீது. உள்ளூர்ச் செவிலியர், தரவு சேகரிப்பாளர், ஆய்வுக்கூட ஊழியர் ஆகியோரின் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது. பல்கலைக்கழகத்தின் சொந்த நன்கொடை நிதியிலிருந்து மாணவருக்குத் தரப்படும் சிறு பயண மானியத்தை அது நேராகத் தொடுவதில்லை. எனவே விருந்தாளி வந்துகொண்டே இருக்க, அவரை வரவேற்று வழிகாட்டும் உள்ளூர்க் குழு கலைந்துபோகும் நிலை பல நாடுகளில் ஏற்படக்கூடும். எனக்குக் கவலை தருவது இதுதான். பயண மானியத்தால் நன்மை விளைவது, போகிற இடத்தில் நிலையான ஓர் அமைப்பு இருந்தால் மட்டுமே.

சிகாமட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய தென்கிழக்காசியச் சமூகக் கண்காணிப்பகம், சா ஆ, பெக்கோக், ஜாபி, கெமெரே, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் (துணை மாவட்டங்களில்) ஏறத்தாழ 40,000 பேரின் சுகாதார நிலையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. அங்கே கணக்கெடுப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். அத்தகைய இடத்துக்கு எட்டு வாரம் வரும் மாணவர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் ஒரு குடம் மொள்கிறார். தனியாக வருகிறவர் கிணறு தோண்டத் தொடங்கிப் பாதியில் போகிறார்.

கேள்வித்தாளின் தமிழ்

தமிழர் வீடுகளுக்கு இவர்கள் வர வலுவான காரணம் இருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு.

இந்த நோயின் பெயரிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. வேறு நாட்டில் மொழிபெயர்த்த கேள்வித்தாளில் "உங்களுக்கு நீரிழிவு நோய் உள்ளதாக மருத்துவர் கூறியுள்ளாரா?" என்று இருக்கும். பாட்டி இல்லை என்பார். மொழிபெயர்க்கும் பெண் திரும்பவும், "பாட்டி, இனிப்பு நீர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்" என்பார். உடனே மேசை மேலிருந்த அரசு கிளினிக் மருந்துப் பை எடுத்து வரப்படும். தாளில் "இல்லை" என்று விழுந்திருக்க வேண்டியது "ஆம்" ஆனது, சில மானியங்கள் கூலி கொடுக்கவே அனுமதிக்காத அந்தப் பத்து டாலர் ஆளால்.

நம் பிள்ளைகள் போவதானால்

சா ஆவிலிருந்து படித்து வந்து பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படிக்கும் மாணவருக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் உள்மானியம் அங்கே பதிந்தவருக்கு மட்டுமே. 1907-இல் லண்டனில் தொடங்கிய ராயல் வெப்பமண்டல மருத்துவச் சங்கம் எந்த நாட்டு இளம் ஆய்வாளருக்கும் சிறு மானியங்களை வழங்கி வந்திருக்கிறது. உள்நாட்டில், பேராசிரியரின் உயர்கல்வி அமைச்சு மானியத்தில் 21000 என்ற எண்ணிட்ட செலவுத் தலைப்பு ஒன்று உண்டு. பயணமும் போக்குவரத்தும் அதில் வரும். விண்ணப்பம் எழுதும் நாளிலேயே மாணவரின் பயணத்தை அதில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு கேட்டால் நடக்காது.

போகிற நாட்டின் படிகளையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆய்வுகளைச் சுகாதார அமைச்சின் தனிக் குழு ஒன்று சல்லடை போட்டுச் சலிக்கும்.

நம் மாணவருக்கு அமெரிக்கரிடம் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்கோ வால்பாறைக்கோ போனால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பழகிய கேள்வித்தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போய், ஹட்டனில் ஒரு பாட்டியிடம் "இனிப்பு நீர் இருக்கிறதா?" என்று கேட்டால் அவரும் விழிப்பார். அங்கே அதற்குப் பெயர் சீனி வருத்தம்.